கண்ணை மூடியிருந்த படம்

மட்டாஞ்சேரி
14 ஜூலை 2024

கர்த்தருக்குள் அன்பான மகள் சுமாவுக்கு,

அப்பா தங்கையா எழுதுவது. நான் நலம். உன் அம்மா நலம். அம்மாவுக்கு என் மேல் இருக்கிற கோபமும் வழக்கம்போல நலம். மாலத்தீவுத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, போகும்போது இருந்த இருமல் விட்டதா என்று எழுது.

செல்போன் இருக்கையில் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். என் காது இப்போது பாதி நாள் லீவில் இருக்கிறது. போன ஞாயிறு நீ கூப்பிட்டாய். அம்மா செல்லை என் காதில் வைத்து அழுத்தினாள். நான் ஐந்து நிமிஷம் "என்ன? என்ன?" என்றேன். நீ வைத்துவிட்டாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. புரியாவிட்டால் திரும்ப வாசித்தால் போதும்.

நீ மலையாளத்தில் படித்தவள், தமிழ் உனக்குக் கீர்த்தனைப் புத்தகத்தில் வந்தது. அதனால் எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன். நான் படித்தது எட்டு. எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் தங்கியதால் ஒன்பது வருஷப் படிப்பு என்று தைரியமாகச் சொல்லலாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பஜார் ரோடு கிடங்கில் இஞ்சிச் சாக்கின் மேல் எழுத்து வெட்டிய தகடு வைத்துப் பெயிண்ட் தடவுகிற இங்கிலீஷ்தான். சாக்கைக் குத்தித் தூக்காமலிருக்க "கொக்கி போடாதே", அப்புறம் "ஈரம் படாமல் வை". முப்பத்தெட்டு வருஷமாக நான் எழுதியதைக் கப்பலில் ஏற்றி உலகமெல்லாம் அனுப்புகிறார்கள். இதுவரை யாரும் திருத்தி அனுப்பவில்லை. அப்படிப்பட்டவனின் மகள் கடல் தாண்டி இங்கிலீஷ் டீச்சர்!

சபையில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். பிச்சைமணி அண்ணாச்சி ஆராதனை முடிந்து சாயா குடிக்கிற நேரத்தில் தன் மகனின் துபாய் வேலையைப் பற்றி வாராவாரம் ஒரு புதுக் கதை வைத்திருக்கிறார். எனக்கும் சொல்ல ஏதாவது எழுது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிதாக்குகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மீன் நன்றாகக் கிடைக்கும் இடம், முள் பார்த்துச் சாப்பிடு.

உன் அப்பா
தங்கையா


மாலத்தீவு
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுமா எழுதுகிறேன். இருமல் விட்டது. உங்கள் காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அம்மா முட்டு வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

தீவு சின்னது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க இருபது நிமிஷம். இங்கே லீவு வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி. நீங்கள் சபையில் முதல் கீர்த்தனை பாடுகிற நேரத்தில் நான் ஏழாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். முதல் ஞாயிறு அழுகை வந்தது. இப்போது பழகிவிட்டது.

ஹெட்மாஸ்டர் நஸீர் சார் நல்ல மனிதர். முட்டி இரண்டும் தேய்ந்தும் தினமும் வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்பார். நான் மாலையில் தனி வகுப்பு வைத்தபோது அவரே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். இருபத்திரண்டு பேர் வருகிறார்கள்.

இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் வாயைத் திறக்க வெட்கம். அதனால் ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு நிமிஷம் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். காதில் விழுகிற சத்தங்களை எண்ண வேண்டும். கண்ணைத் திறந்ததும் ஒவ்வொருவராக இங்கிலீஷில் சொல்ல வேண்டும். படகு மோட்டார், கோழி, மணல் கூட்டுகிற துடைப்பம் என்று சொன்னார்கள். ஷிஃபா என்கிற பெண் "என் வயிறு" என்றாள். அதற்குப் பிறகு வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்போது எடுத்த படம் இதில் வைத்திருக்கிறேன்.

ஒன்று கவனமாகக் கேளுங்கள் அப்பா. இங்கே சேரும்போது வகுப்பில் மதம் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு அதில் கஷ்டமில்லை. என் அறையில் ஜெபிக்கிறேன், வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். சபையில் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். பெரிதாக்க வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

சுமா


மட்டாஞ்சேரி
1 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்பான மகள் சுமாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சுகம். டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வயசாச்சு சேட்டா" என்றார். அந்தத் தகவலுக்கு முந்நூறு ரூபாய்.

உன் கடிதமும் படமும் வந்தன. படத்தைப் பைபிளுக்குள் வைத்து இன்று சபைக்குக் கொண்டுபோனேன். சாயா நேரத்தில் சும்மா வெளியே எடுத்தேன். பிச்சைமணி அண்ணாச்சி தன் துபாய்க் கதையில் நாற்பதாவது மாடியில் நின்றுகொண்டிருந்தார், பாதியில் இறங்கி வந்துவிட்டார்! ஞானப்பூ அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வரிசையாக இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாக் கண்ணும் மூடி, கை மடியில். அவள் ஏதோ கேட்டாள். சாயா நல்ல சூடு, நான் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். போதகர் ஐயா என் தோளைத் தட்டினார். நம் சபைப் பையன் நிகில் அதைச் செல்லில் படம் பிடித்துக்கொண்டான். சபையின் பக்கம் ஒன்று செல்லில் நடத்துகிறான் அல்லவா, அதில் போடுவானாம்.

இருபது வருஷமாக அந்தச் சபையில் நான் கடைசி வரிசை. அடுத்த ஞாயிறு முதல் இரண்டாம் வரிசையில் வந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

ஷிஃபாவின் வயிற்றைக் கேட்டதாகச் சொல். அம்மா உனக்கு மிளகாய்ப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், போகிற ஆள் இருந்தால் எழுது.

உன் அப்பா
தங்கையா


மாலத்தீவு
20 அக்டோபர் 2024

அப்பா,

அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது? யார் யார் கையில் போனது? நிகிலிடம் சொல்லி, போட்டதை எடுக்கச் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.

மாசிக் கருவாடு ஒரு பொட்டலம் வேறு தபாலில் அனுப்பியிருக்கிறேன். சம்மந்தித் துவையலுக்கு நன்றாக இருக்கும்.

சுமா


மட்டாஞ்சேரி
10 நவம்பர் 2024

அன்பான மகள் சுமாவுக்கு,

அப்பா எழுதுவது. சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீ எழுதவில்லை. என் காதைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த வரி தபாலில் கீழே விழுந்திருக்கும்.

மாசி வந்தது. தபால்காரர் பொட்டலத்தைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா சம்மந்தி அரைத்தாள். தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் நமக்குச் சொந்தமாகிவிட்டன.

படம் பத்திரமாக இருக்கிறது. அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறேன். நிகிலிடம் சொல்கிறேன். அவனுக்கு எர்ணாகுளத்தில் வேலை, காலையில் படகில் போனால் இருட்டித்தான் வருகிறான், கையில் அகப்படுவதில்லை. என்ன அவசரம் மோளே? படம் நன்றாகத்தானே இருக்கிறது?

மழை இன்னும் விடவில்லை. கிடங்கில் பெயிண்ட் காயாமல் நேற்று "ஈரம் படாமல் வை" என்பதே ஈரத்தில் ஒழுகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மட்டாஞ்சேரி
22 டிசம்பர் 2024

அன்பான மகள் சுமாவுக்கு,

அப்பா எழுதுவது. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நீ அம்மாவோடு செல்லில் பேசுகிறாய் என்று தெரியும். பேசி முடித்ததும் "சுமா என்ன சொன்னா?" என்று கேட்கிறேன். "சுகமா இருக்கா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போகிறாள். எனக்குக் காதுதான் மந்தம். கண் நன்றாகத் தெரிகிறது. சுகமாக இருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது யாரும் முந்தானையால் மூக்கைத் துடைப்பதில்லை.

நட்சத்திர விளக்கு கட்டிவிட்டேன். ஒரு முனையில் பல்பு எரியவில்லை. அம்மா அச்சப்பம் சுட்டாள், உனக்குப் பிடித்த மாதிரி கறுப்பு எள் போட்டு. கேரல் பாட வந்தவர்களோடு நிகிலும் வந்தான். படத்தை எடுக்கச் சொன்னேன். "அதுக்கு நானூறு லைக் அங்கிள்" என்றான். செல்லைக் காட்டினான். கீழே என்ன எழுதியிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் வாசித்தேன்.

எழுது மோளே. திட்டியாவது எழுது.

அப்பா


மாலத்தீவு
9 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் எழுதவில்லை. அம்மாவையும் நான்தான் தடுத்தேன்.

அக்டோபரில் நஸீர் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய செல்லில் நம் சபையின் பக்கம். என் வகுப்புப் படம். அடியில் தமிழில்: "தீவுகளில் நம் சகோதரி சுமாவின் ஊழியம். சின்னப் பிள்ளைகள் ஜெபத்தில்." இப்போது எந்த மொழியையும் செல்லே மாற்றிச் சொல்லிவிடுகிறது. ஒரு பிள்ளையின் மாமா பார்த்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்.

"இது ஜெபமா?" என்று சார் கேட்டார். இல்லை என்று விளக்கினேன். "நான் நம்புகிறேன். பெற்றோரை நான் எப்படி நம்ப வைப்பது? எழுதியிருப்பது உங்கள் சொந்த ஊர்க்காரர்கள் அல்லவா?" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். மாலை வகுப்புக்கு இப்போது ஆறு பேர். ஷிஃபாவின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ரொட்டியும் மீனும் கொடுத்தனுப்புவாள். இப்போது அனுப்புவதில்லை. தெருவில் பார்த்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று எழுத வேண்டியவர் சார்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் மிஸ் நம்மை ஏமாற்றிக் கண்ணை மூட வைத்தாள் என்று நினைத்துக்கொண்டு அந்த இருபத்திரண்டு பேரும் வளர்வார்கள். அதுதான் அப்பா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அவ்வளவு விளக்கமாக எழுதியிருந்தேன். அங்கே ஒருவர்கூட, இது என்ன என்று உங்களிடம் கேட்கவில்லையா?

சுமா


மட்டாஞ்சேரி
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்பான மகள் சுமாவுக்கு,

கேட்டார்கள் மோளே.

ஞானப்பூ அக்கா கேட்டாள். "பிள்ளைங்க எல்லாம் ஜெபம் பண்ணுதா தங்கையா?" என்று. அந்தக் கேள்வி என் மந்தக் காதிலும் தெளிவாக விழுந்தது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பிச்சைமணி அண்ணாச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சாயாவை ஊதினேன். நான் ஊதி முடிப்பதற்குள் போதகர் ஐயா "ஸ்தோத்திரம்" என்று தோளைத் தட்டிவிட்டார். நிகில் படம் பிடித்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொல்லாததைத்தான் அவன் எழுதினான்.

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். இன்று சாட்சி சொல்கிற நேரத்தில் கையைத் தூக்கினேன். எனக்கு ஏதோ வியாதி சுகமாகிவிட்டது என்று நினைத்து எல்லோரும் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். "என் மகள் அங்கே ஊழியம் செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் ஜெபிக்கவில்லை. அது காது கேட்கிற பயிற்சி. எனக்கு அன்றைக்கே தெரியும். பெருமைக்காக வாயை மூடிக்கொண்டேன். அதனால் அவள் வேலைக்கும் பேருக்கும் கேடு வந்திருக்கிறது" என்றேன்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "அப்போ அவ்வளவு தூரம் போயி இங்கிலீஷ் மட்டுமா வே சொல்லிக் கொடுக்கா?"

"இங்கிலீஷ் மட்டும்தான் அண்ணாச்சி. நீங்க அதைக் கத்துக்கிட்டுப் பாருங்க, எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும்."

நிகில் படத்தைச் சபைப் பக்கத்திலிருந்து என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டான். எழுதியது தவறு என்று அந்த இடத்திலேயே போடச் சொல்லிப் போதகர் ஐயா உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். நான் மறுபடி கடைசி வரிசை. அங்கே மின்விசிறி நன்றாக ஓடுகிறது.

இன்றைக்கு இரண்டு கவர் வாங்கினேன். ஒன்று உனக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்காதே. அதைச் சாக்கு எழுத்தில் எழுதினேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா


மட்டாஞ்சேரி
27 ஏப்ரல் 2025

அன்பான மகள் சுமாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். உன் மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது. "கிடைத்தது, வாசித்தேன், காதைப் பாருங்கள்." அவ்வளவுதான். ஆனால் காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை அம்மாவிடம் காட்டினேன்.

ஈஸ்டர் நல்லபடியாகப் போனது. மறுநாள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்கு வந்தவர். நம் சந்துக்குள் டாக்ஸி வராது, கைத்தடியை ஊன்றி நடந்தே வந்தார். யார், எதற்கு வந்தார், என்ன பேசினோம் என்பதெல்லாம் இப்போதைக்கு எழுத மாட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். நானும் சரி என்றேன்.

"உங்க வாய்க்கா பூட்டு? ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா?" என்றாள் அம்மா. ஞாயிறு வந்துவிட்டது. தாங்குகிறது.

இவ்வளவு சின்னக் கடிதம் நான் எழுதியதே இல்லை. வேர்த்துவிட்டது.

அப்பா


மாலத்தீவு
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா? உங்கள் ஏப்ரல் கடிதம் நேற்றுதான் வந்தது. அதற்கு முன்பே இங்கே விஷயம் வந்துவிட்டது.

நஸீர் சார் முட்டி ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லீவில் இந்தியா போயிருந்தார். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் திரும்பி வந்தார். என் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்துவிட்டுப் போனார். திறந்தேன். அச்சப்பம், கறுப்பு எள் போட்டது. வகுப்பு முடிகிற வரை நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. பிறகு சார் வாசலில் சொன்னார்: "வழியில் நான் எட்டு சாப்பிட்டுவிட்டேன். உங்கள் அம்மா கணக்குக் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்."

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். சார் எழுந்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை: கொச்சி, குக்கர். எல்லோரும் சிரித்தார்கள். சார் தலையில் சேலை போடுகிற மாதிரி நடித்துக் காட்டினார், இன்னும் சிரித்தார்கள். ஷிஃபாவின் அம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ரொட்டி வந்தது.

இன்று அடுத்த வருஷத்து டைம்டேபிளை ஒட்டினார்கள். முதல் கட்டம்: ஞாயிறு, முதல் பீரியட், ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ், சுமா மிஸ்.

இப்போதாவது எழுதுங்கள் அப்பா. அங்கே என்ன நடந்தது? குக்கர் எங்கிருந்து வந்தது?

சுமா


மட்டாஞ்சேரி
8 ஜூன் 2025, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான மகள் சுமாவுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அம்மா வாசிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். பூட்டைத் திறந்துவிட்டேன், இதோ எழுதுகிறேன்.

உன் சார் வந்து நம் நாற்காலியில் உட்கார்ந்தார். திருவனந்தபுரத்தில் நான்கு வருஷம் படித்தவராம், மலையாளம் பேசினார். பையிலிருந்து, அந்த இரண்டாவது கவரில் நான் அனுப்பிய கடிதத்தை எடுத்தார். இஞ்சிச் சாக்கில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்து, மூன்றே வரி. தப்பு அப்பாவுடையது. மகளுக்குத் தெரியாது. பிள்ளைகள் செய்தது காது கேட்கிற பயிற்சி. "என் வேலையில் எத்தனையோ விளக்கக் கடிதம் பார்த்திருக்கிறேன். கொக்கி போடாமல் வந்தது இது ஒன்றுதான்" என்றார். ஓரத்தில் பழக்கதோஷத்தில் "கொக்கி போடாதே" என்றும் எழுதியிருக்கிறேன் மோளே!

பிறகு, "அந்தப் பயிற்சி எப்படி என்று காட்டுங்கள் சேட்டா" என்றார். இரண்டு பேரும் கண்ணை மூடி, கையை மடியில் வைத்து உட்கார்ந்தோம். ஒரு நிமிஷம். நான் உயிரைக் கொடுத்துக் கேட்டேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே உன் அம்மா. கையில் சாயாத் தட்டு, தலையில் முந்தானை, குனிந்த தலை. நாங்கள் கண்ணைத் திறந்ததைப் பார்த்ததும் நிம்மதியாக "ஆமென்" என்றாள்.

சார் முதலில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் புது முட்டி கழன்றுவிடுமோ என்று பயந்துவிட்டேன். "பள்ளிவாசல் பாங்கு, படகு ஊதல், காக்கா, மூட்டை தூக்குகிறவர்கள் சண்டை, பக்கத்து வீட்டு டிவி என்று நான் ஐந்து எண்ணினேன். உங்களுக்கு?" என்றார்.

"குக்கர்" என்றேன். "மூணு விசில்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கள் சொந்த வீட்டிலேயே இப்படி என்றால், படத்தைப் பார்த்த என் ஊர்க்காரர்களை நான் என்ன சொல்ல? இதை அப்படியே அவர்களிடம் போய்ச் சொல்கிறேன். நான் சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்." அம்மா டின்னைக் கொடுத்தாள். அவமானத்தில் இன்னும் முகம் சிவந்துதான் இருக்கிறது அவளுக்கு. ஆனால் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய ஆமென்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று சபையில் முதல் கீர்த்தனைக்கு மணியைப் பார்த்தேன். நீ பெயர் கூப்பிடுகிற நேரம். ஆராதனை முடிந்து சாயா நேரத்தில் ஞானப்பூ அக்கா வந்து உட்கார்ந்தாள். "ஏன் தங்கையா, மகளுக்கு அங்கேயே நீட்டிட்டாங்களாமே? அங்க அவ என்னதான் செய்யா?"

அண்ணாச்சி திரும்பினார். நிகிலும் திரும்பினான். சாயா நல்ல சூடு. நான் ஊதவில்லை.

"இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கா அக்கா" என்றேன்.

ரொட்டியைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடு.

உன் அப்பா
தங்கையா